ஒன்பதாம் கேள்விக்கு எழுதிய பதில்

பரந்தன் சந்தியில் பேருந்து நின்றதும் ஆட்களுக்கு முன்னால் ஒரு மணம் ஏறியது. உப்புத் தண்ணீரில் அவிந்த கச்சான் கடலை. கோதில் ஒட்டிய மண் முழுதாகப் போகவில்லை. பாதி கிழங்கு, பாதி மழை என்று அந்த மணம் இருக்கைகளுக்கு இடையால் நடந்து வந்தது. அதன் பின்னால்தான் கடகப் பெட்டியோடு ஒரு பெண் வந்தார்.

நான் வாங்கவில்லை. மணமே போதுமாயிருந்தது. எனக்கு முன்னாலிருந்த இருக்கை கரைந்து, கிளிநொச்சியில் ஒரு கட்டடத்தின் மாபிள் நடைபாதை தெரிந்தது. நடைபாதையில் ஒரு சைக்கிள். அதற்கு முன்சில்லு இல்லை. பின்சில்லில் ரயர் இல்லை. ரயர் இருக்கவேண்டிய இடத்தில் கம்பிகள், காதுபோல வளைந்து, வரிசை வரிசையாய். அந்தக் காதுகளுக்குள் காய்ந்த மண். வாசலிலிருந்து சைக்கிள் நின்ற இடம்வரை அந்த மண் உதிர்ந்து ஒரு கோடு போட்டிருந்தது.

கூட்டித் துடைக்கிற அக்கா தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "இது என்ன வில்லங்கம்?"

"கச்சான் ஆயிற மிசின், தங்கச்சி." சொன்னவர் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. மிசினின் கைபிடியை, மாட்டின் கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

"இதை ஆர் ஓடுறது?"

"நீங்க ஏறினா நீங்க."

தண்ணீரூற்று நசீர் நானாவை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

கண்டுபிடிப்புக் கந்தோர்

எந்த வேலையிலும் நான் இரண்டு மாரிக்கு மேல் தங்கியதில்லை. அச்சகம், பத்திரிகை, ரியூற்றரி வகுப்பு என்று அலைந்து வந்து சேர்ந்த ஐந்தாவதோ ஆறாவதோ இடம் அது. நிலையத்தின் பெயர் நீளமானது. பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் எழுதி முடிக்கையில் இடம் போதாமல் கடைசி எழுத்துகள் ஒல்லியாகியிருந்தன. ஊரவர்கள் சுருக்கி, கண்டுபிடிப்புக் கந்தோர் என்றார்கள்.

வன்னியில் எவராவது புதிதாக ஒன்றைச் செய்திருந்தால் அங்கே கொண்டுவரலாம். பொறியியல் படித்தவர்கள் அதைச் சோதிப்பார்கள், அளவெடுத்து வரைவார்கள், காப்புரிமைக்குக் கொழும்புக்கு அனுப்புவார்கள், அது தொழிலாக நிமிரும்வரை கை கொடுப்பார்கள். கொண்டுவந்தவர் சொல்வதைக் கேட்டுப் படிவத்தில் எழுதுவது என் வேலை. வாயால் சொல்லத் தெரிந்தவருக்கு எழுத வராது. எழுத வந்தவர் அநேகமாக ஒன்றையும் செய்திருக்கமாட்டார். நான் இரண்டாம் வகை.

ஒருவர் யானை வந்தால் தானாக அடிக்கும் மணியோடு வந்தார். சோதித்த அன்று யானைக்கு முன் பக்கத்து வளவு மாடுகள் வந்துவிட்டன. மணி பின்னேரம்வரை அடித்தது. பூநகரியிலிருந்து வந்த ஒருவர், தான் கண்டுபிடித்ததைக் காட்டினால் களவுபோய்விடும் என்று பயந்து, சாக்கில் கட்டியபடியே வைத்திருந்து, கட்டியபடியே திரும்பிக் கொண்டுபோனார். சாக்குக்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பரந்தனில் ஒருகாலம் பெரிய இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. இப்போது தூண்கள் நிற்கின்றன. கொடிகள் ஏறி வேலை பார்க்கின்றன. அந்தக் காலத்து ஆட்களுக்கு நிறுவனம் என்றால் ஒரு ஊதல் சத்தம். ஊதினால் போகவேண்டும், ஊதினால் வரவேண்டும். எங்கள் காலத்தில் நிறுவனம் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு படிவம் என்று சிறுத்துவிட்டது. ஆனாலும் ஒரு வித்தியாசம். அங்கே வேலை கேட்டுப் போனார்கள். இங்கே தங்கள் வேலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள்.

இரண்டு விரல் இடைவெளி

கச்சானைப் பிடுங்குவது ஒரு நாள் வேலை. ஆய்வதுதான் வேலை. பிடுங்கிய செடியிலிருந்து காயை ஒவ்வொன்றாகக் கழற்ற, மரநிழலில் பெண்கள் வட்டமாக இருந்து நாட்கணக்கில் ஆய்வார்கள். மழை முந்தினால் குவியலுக்குள்ளேயே காய் முளைக்கும்.

நானா இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலம் முழுவதும் சைக்கிள் திருத்தியவர். கம்பியின் குணம் அவருக்குத் தெரியும். நேராக நிற்கும் கம்பி காயைக் குத்தி உடைக்கும். காதுபோல வளைந்த கம்பி காம்பை மட்டும் பிடித்து இழுக்கும். ஒருவர் மிதிக்க, ஒருவர் செடியைப் பிடிக்க, காய் கீழே விரித்த படங்கில் சொரியும்.

"காதுக்கும் காதுக்கும் இடையில ரெண்டு விரல்," என்றார். "மூண்டு விரலெண்டா காய் தப்பிப் போயிரும். ஒரு விரலெண்டா செடியே சுத்திக்கொள்ளும்."

"யாருடைய விரல்?" என்று கேட்டேன். படிவத்தில் மில்லிமீற்றர் கேட்டிருந்தார்கள்.

தன் வலக்கையை மேசையில் விரித்து வைத்தார். "இத அளந்துகொள்ளுங்க."

அந்த வருடம் நிலையம் முல்லைத்தீவுப் பக்கத்துக்கு ஒரேயொரு பட்டறை கட்டிக்கொடுக்க இருந்தது. கட்டடம், மின்சாரம், வெல்டிங் சாமான்கள் எல்லாம் தருவார்கள். நிபந்தனை ஒன்று: செய்யும் பொருள் காப்புரிமைக்கு அனுப்பத்தக்க புதுமையாக இருக்கவேண்டும்.

நானாவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பட்டறைதான். தண்ணீரூற்றில், அடுப்பு வைக்கிற குசினிக்குக்கூட இன்னும் கதவு வைக்காத, பாதி முடிந்த வீட்டுத்திட்ட வீட்டில் அவர் தனியே இருந்தார். மகன் புத்தளத்தில் ஒரு கராஜில் வெல்டிங் செய்தான். மனைவி ஹலீமா மகனோடு.

"பட்டறை வந்தா மகன் வருவான். மகன் வந்தா அவ வருவா," என்றார். "இவ்வளவுதான் தம்பி கணக்கு. மிச்சத்த நீங்க வடிவா எழுதுங்க."

வாளி மட்டும் என்ர

இந்த இடத்தில் யோகனைப் பற்றிச் சொல்லவேண்டும். நானாவின் அடுத்த வளவுக்காரர். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காணி பெற்று வயல் செய்தவர். யுத்தம் எல்லோரையும் கலைத்து, பிறகு வேறு வரிசையில் அடுக்கியபோது, யோகன் தண்ணீரூற்றில் ஒரு துண்டுக் காணியில் வந்து இறங்கினார். பக்கத்துக் காணி வெறுமையாய்க் கிடந்தது. அதில் ஒரு கிணறு இருந்தது.

அது நானாவின் கிணறு. தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன நாட்களில் விட்டுப் போனது. ஒரு தலைமுறைக் காலம் அந்தக் கிணற்றை அவர் காணவில்லை. திரும்பி வந்து, பற்றை வெட்டிய வளவுக்குள் அவர் கால் வைத்தபோது, கிணறு இறைத்துத் துப்புரவாக இருந்தது. கிணற்றுக் கட்டடியில் ஒரு ஆள் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார்.

"ஆர் நீங்க?" என்று கேட்டாராம் நானா.

யோகன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாளியை நீட்டினாராம். "உங்கட கிணறு. உங்கட தண்ணி. வாளி மட்டும் என்ர."

இந்தக் கதையை இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியே சொன்னார்கள். வாளி பிளாஸ்டிக்கா தகரமா என்பதில் மட்டும் ஒத்துவரவில்லை.

நான் செய்த பிழை

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி: இக்கண்டுபிடிப்பு இவ்விண்ணப்பத்துக்கு முன்னர் பொதுப் பாவனையில் இருந்துள்ளதா? விவரிக்கவும்.

"இருக்காமல்?" நானாவின் முகம் மலர்ந்தது. "முதல் மிசின் செய்து மூண்டு மாரி. யோகன்ட்ட ஒண்டு. முள்ளியவளையில நாலைஞ்சு. குமுழமுனைப் பக்கமும் ஓடுது. பரந்தனில ஒரு வெல்டிங் கடைக்காரருக்கு நானே நிலத்தில சோக்கால கீறிக் குடுத்தனான்."

"எல்லோருக்கும் கொடுத்துவிட்டீர்களா?"

"புதுச் சாமான் ஒண்டு செய்தா முதல் வேலை அயலுக்குத்தான் தம்பி. பிறகுதான் நமக்கு. என்ட வாப்பா லாண்ட்மாஸ்டர் எடுத்த நேரமும் முதல் உழவு பக்கத்துக் காணி. அளவு கேட்டு வந்தா இல்லையெண்டு சொல்லலாமா? தண்ணி கேட்ட மாதிரித்தானே அது."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு பொருள் நல்லது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? "ஆம்" என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். அல்லது எழுதுவதற்கு முன் யாரையாவது கேட்டிருக்கலாம். நான் எழுதினேன்: "மூன்று மாரிகளாக முள்ளியவளைத் தோட்டங்களில் மழைக்கு அடுத்தபடி கேட்கும் சத்தம் இந்த இயந்திரத்தினுடையது." அதோடும் விடவில்லை. இன்னும் ஐந்து வரி.

இரண்டு கிழமை கழித்து வாணி மிஸ் என்னைக் கூப்பிட்டார். நிலையத்தின் இணைப்பாளர், பொறியியலாளர், யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர். என் ஆறு வரியிலும் பென்சிலால் கோடு விழுந்திருந்தது.

"அண்ணை, கவிதை நல்லாயிருக்கு," என்றார். "இதிலதான் கழுத்து மாட்டியிருக்கு."

காப்புரிமைக்குப் பொருள் புதிதாக இருக்கவேண்டும். செய்தவரே வெளியில் விட்டு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் பொறுப்பார்கள். மூன்று வருடமாக ஊரெல்லாம் ஓடுகிற மிசின், அவர்களுடைய கணக்கில், கண்டுபிடிக்கப்படாத மிசின். சாக்கில் கட்டி வைத்திருந்தவருக்கு வழி இருந்தது; நிலத்தில் கீறிக் கொடுத்தவருக்கு இல்லை.

அந்த விதியில் தீங்கு ஒன்றும் இல்லை. எங்கேயோ, ஒரு பொருளைச் செய்தவன் அதை முதலில் மறைத்து வைக்கிற ஊரில் எழுதியிருப்பார்கள்.

கள்ளன் தயார்

நானாவை வரச்சொன்னோம். யோகனின் மோட்டார்சைக்கிளில் இருவரும் வந்தார்கள். வாணி மிஸ் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப பட்டறை?"

"இந்தப் பதிலோட கிடைக்காது நானா."

"வேறை வழியே இல்லையா மிஸ்?" என்று கேட்டவர் யோகன்.

வாணி மிஸ் சற்றுத் தயங்கினார். "விதியில ஒண்டு இருக்கு. உரியவரைக் கேக்காமல், களவாப் பாத்து, ஆரும் கிட்டடியில வெளியில விட்டிருந்தா, அதுக்கு உரியவர் பொறுப்பில்லை. நான் எழுதச் சொல்லேல்லை. இருக்கிறதைச் சொல்லுறன்."

யோகன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "சரி. கள்ளன் நான். எழுதுங்கோ."

"வாயப் பொத்து," என்றார் நானா.

"ஏன்? உங்கட மாங்காய் குறையுது குறையுது எண்டு ஊருக்கே சொல்லித் திரியிறது நீங்கள்தானே. இப்ப கடுதாசியில சொல்லுங்கோவன். மிஸ், பொலிஸ் வருமோ?"

"வராது. கடிதம் ஒண்டில ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கவேணும். இந்த மாரியிலதான் பாத்துச் செய்தனான் எண்டு."

"பின்ன என்ன! அண்ணை, நீங்கள்தானே எழுதுறது? வடிவா எழுதுங்கோ. மதிலேறிக் குதிச்சு எண்டு போடுங்கோ."

"எங்களுக்கு எங்க மதில்?" என்றார் நானா. சிரிக்கவில்லை.

நான் எழுதினேன். இந்தமுறை நான்கே வரி, அலங்காரம் இல்லாமல். யோகன் அதில் கையெழுத்து வைத்தார். வைத்த பிறகுதான் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். நானா அந்தத் தாளைத் தொடவில்லை. கைபேசியை எடுத்துப் புத்தளத்துக்கு அழைத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் சத்தமாகவே வைப்பார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஹலீமா, பட்டறை கிடைக்கும்போல. ஒரு சொல்லு எழுதோணும்."

"என்ன சொல்லு?"

சொன்னார்.

"ஆரு, யோகனா களவெடுத்தது?"

"கடுதாசியிலதான்."

"அந்தக் கடுதாசி எங்க போகும்?"

"கொழும்புக்கு."

புத்தளத்தில் எங்கோ ஒரு கோழி கத்தியது. "நம்மள வெளிக்கிடச் சொன்ன நேரம் ஒரு கடுதாசியும் இருக்கல்ல," என்றது அந்தக் குரல். கோபம் இல்லை, அரிசி புடைக்கும்போது கதைப்பதுபோல் இருந்தது. "வாயால சொன்னதுதான். அந்த வாய்ச்சொல்லே இவ்வளவு வருசம் நிண்டிச்சி. நீங்க எழுதி வைக்கப் போறீங்க. அது எவ்வளவு காலத்துக்கு நிக்கும்? யோகன்ட பெஞ்சாதிட முகத்தப் பாத்து நான் எப்பிடி அந்த வளவுக்குள்ள கால் வைக்கிறது?"

நானா சத்தத்தைக் குறைத்து, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நடைபாதைக்குப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் தலையாட்டுவது தெரிந்தது. நீண்டநேரம் ஆட்டினார்.

"அக்காவுக்கு என்னில நம்பிக்கையில்லை," என்றார் யோகன். "நான் நல்லாக் களவெடுப்பன்." ஒருவரும் சிரிக்காததைக் கண்டு, மேசையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி, பூட்டி, கழற்றினார்.

நானா உள்ளே வந்தார். கடிதத்தை எடுத்து நான்காய் மடித்தார். யோகனின் சட்டைப் பையில் வைத்தார்.

"இத வீட்டில வச்சிரு. உனக்குத் திமிர் வாற நாளையில எடுத்து வாசி." பிறகு வாணி மிஸ்ஸிடம்: "ஒன்பதாவது அப்பிடியே இருக்கட்டும் மிஸ். அதில பொய்யில்ல."

"பட்டறை வேறை ஆளுக்குப் போயிடும், நானா."

"விளங்குது."

வாணி மிஸ் படிவத்தை மூடினார். மறுபடி திறந்தார். "அப்ப அந்த அளவை எங்களுக்கும் தருவீங்களா?"

நானா அறையைச் சுற்றிப் பார்த்தார். "சோக் இருக்கா?"

பலகையடியில் ஒரு துண்டு கிடந்தது. நானா மாபிள் தரையில் குந்தினார், கீறத் தொடங்கினார். சில்லு, காது, இடைவெளி. வாணி மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தி, அடிமட்டத்தை வைத்து அளந்து அளந்து கொப்பியில் எழுதினார். கூட்டித் துடைக்கிற அக்கா வாசலில் நின்று பார்த்தார். தும்புத்தடியைச் சுவரில் சாத்தியிருந்தார்.

ஒரு தாள்

பட்டறை, கரையில் கருவாடு காயவைக்கும் கூடு செய்தவருக்குப் போனது. அவரும் தகுதியானவர்தான், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நானாவின் சோக் கோடுகள் ஒரு தாளாயின: ஒரு பக்கத்தில் படம், மறுபக்கத்தில் அளவு, எல்லாம் தமிழில். விவசாயிகள் வந்துபோகும் கமநல நிலையங்களில் அந்தத் தாளை அடுக்கி வைத்தார்கள். கேட்டவர்கள் எடுத்துப் போனார்கள். பரந்தனில் இரண்டு கடை, பூநகரியில் ஒன்று, வவுனியாப் பக்கமும் செய்வதாகக் கேள்வி. பட்டறை கொடுக்க முடியாத நிலையம், தாளைக் கொடுத்தது. எது பெரிய உதவி என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை.

முள்ளியவளையில் ஆய்கிற பெண்களிடம் ஒருமுறை போய் மிசின் எப்படி என்று கேட்டேன். அறிக்கைக்காக.

"முந்திக் கை நொந்தது, இப்ப கால் நோகுது," என்றார் ஒருவர், மிதித்தபடியே. "அடுத்தமுறை நோகிறதுக்கு வேறை இடம் பாக்கச் சொல்லுங்கோ நானாவை." வட்டத்தில் எட்டுப் பேர் இருந்த இடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மற்ற நான்கு பேரும் எங்கே என்று கேட்டேன். இரண்டு பேர் தாங்களே குத்தகைக்குக் கச்சான் போட்டிருக்கிறார்களாம். மற்ற இருவரைப் பற்றி அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. கீழே, சிறிய எழுத்தில், நானாகவே எழுதி வைத்தேன்.

அந்த மாரி முடிய நானும் அந்த வேலையை விட்டேன்.

வாசலில்

நானா தரையில் கீறிய அன்று, சோக் கோடுகளைத் தாண்டி, மிதியாமல் கால் வைத்து, அவர்களோடு வாசல்வரை நடந்தேன். வெயில் சரிந்திருந்தது. யோகன் மோட்டார்சைக்கிளை உதைத்தார். இரண்டாம் உதையில் பிடித்தது.

"நானா," என்றேன். "அந்தக் கேள்விக்கு நான் ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கவேண்டும்."

"நான் சொன்னதத்தானே எழுதினீங்க தம்பி. கொஞ்சம் கூட்டி எழுதினீங்க. அது உங்கட தொழில்." தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு யோகனின் பின்னால் ஏறினார்.

"ஹலீமா அக்காவிடம் நீண்டநேரம் கதைத்தீர்களே. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாரா?"

யோகனும் எஞ்சினைத் தணித்துவிட்டுத் தலையைத் திருப்பினார். அவருக்கும் நானா அதுவரை சொல்லியிருக்கவில்லை.

"குசினிக்கு இன்னும் கதவு வைக்கல்லத்தானே," என்றார் நானா. "அத யோகன்ட வளவுப் பக்கமா வைக்கட்டாம். நோன்புக்கு முந்தி வைக்கட்டாம்."